பெடல் இல்லாத இருக்கை

"இந்தச் சின்ன கார் ராலியில ஜெயிக்குமுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டான்.

பெனாசிர் காரைப் பார்க்கவில்லை. அவன் கால்களைப் பார்த்தார்.

"உங்க வலது செருப்பு மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தான். இடது செருப்பு புதிது போல இருந்தது. வலது செருப்பில் பெருவிரலுக்குக் கீழே ஒரு பள்ளம்.

"டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கனுங்க. கத்துக்க வர்றவங்களுக்கு இடது பக்கம் உக்காந்து, தேவைப்படறப்போ நான் பிரேக் மிதிக்கோணுமில்லீங்களா."

"அடிக்கடி தேவைப்படுமோ?"

"நான் மிதிக்கறதாலதானுங்க இன்னும் ஸ்கூல் நடக்குது."

"சரிங்க மாஸ்டர். உள்ள வாங்க."

உடுமலையில் அவனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவரும் அப்படிக் கூப்பிட்டது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவன் கற்றுக்கொள்ள வந்தவன்.

பெனாசிர் ஒரு காலத்தில் ராலிக்காரர்கள் போட்டி போட்டுக் கூப்பிட்ட கோ-டிரைவர். ராலியில் வண்டி ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். இடதா வலதா, எவ்வளவு வளைகிறது, முழு வேகமா, ஆக்சிலேட்டரில் இருந்து காலைத் தூக்கணுமா என்று, வளைவு வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பெனாசிர் சொன்னால் கடிகாரம் சொன்ன மாதிரி இருக்கும் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னை நாற்றுப் பண்ணை வைத்துக்கொண்டார்.

"ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டான்.

"சொன்னதைக் கேக்காதவங்க பக்கத்துல உக்காந்து அலுத்துப்போச்சு."

நாச்சிமுத்து தன் கதையைச் சொன்னான். கார் அவனுடைய ஸ்கூல் கார்தான். ஆயிரம் சி.சி., மூன்று சிலிண்டர், ஒரு டர்போ. ராலிக்காக உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, இடது பக்கத்துப் பெடல்களைக் கழற்றியிருந்தான். மூன்று ராலி ஓடியாயிற்று. மூன்றிலும் கடைசி. போட்டிக்கு வருகிற பெரிய கார்களுக்கு முன்னால் இது பொம்மை போல நிற்கும். போன தடவை யாரோ பின்பக்கம் எல் போர்டு ஒட்டிவிட்டார்கள். அது தெரியாமல் அவன் முழு ராலியும் ஓடி முடித்தான்.

பெனாசிர் சிரிக்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"இந்த மாசம் நடக்கற காற்றாலை ராலிதான் கடைசிங்கறா. ஞாயித்துக்கிழமை ஜெயிக்கலைன்னா திங்கக்கிழமை பெடலைத் திரும்பப் பொருத்தியாகணும். காரை ஸ்கூலுக்கு விட்டுடோணும்."

"அப்புறம் நீங்க?"

"அப்புறம் நான் இடது பக்கமே உக்காந்துக்க வேண்டியதுதானுங்க."

அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். வலது பக்கம் உட்கார அவனுக்கு இருந்த ஒரே இடம் ராலிதான்.

"அதனாலதாங்க கேக்கறேன். இந்த வண்டி ஜெயிக்குமா?"

பெனாசிர் எழுந்து போய் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

*

பண்ணைக்குப் பின்னால் காற்றாலைகளுக்குப் போகிற செம்மண் பாதை ஒன்று உண்டு.

முதலில் மெதுவாக ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு வளைவையும் பார்த்து, அது எப்படிப் போக வேண்டிய வளைவு என்று அவனையே சொல்லச் சொன்னார். ராலியில் அதுதான் வழக்கம். ஓட்டுபவர் சொல்வார், கோ-டிரைவர் எழுதிக்கொள்வார். போட்டி அன்று எழுதியதைத் திருப்பிப் படிப்பார்.

நாச்சிமுத்து நன்றாகச் சொன்னான். சாலையைப் படிப்பதில் அவனுக்கு இணை அவன்தான். பள்ளத்தை நிறத்தை வைத்தே சொன்னான். மண் இளகியிருக்கும் இடத்தைச் செடியை வைத்துச் சொன்னான். பெனாசிர் ஒரு இடத்தில் புருவத்தை உயர்த்தினார்.

"இப்ப வேகமாப் போங்க."

போனான். பெனாசிர் படித்தார்.

"மேடு, முழுசா."

மேட்டுக்கு அந்தப் பக்கம் பாதை தெரியவில்லை. வானம்தான் தெரிந்தது. நாச்சிமுத்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தான். அது பிரேக்கை ஒரு தொடு தொட்டுவிட்டு வந்தது.

"வலது, முழுசா."

காலை எடுத்தான்.

"பாலம், முழுசா."

எடுத்தான்.

சின்ன இன்ஜின் அது. காலை எடுத்தால், அதற்கு வேகம் கொடுக்கிற டர்போ தூங்கிவிடும். மறுபடி எழுப்பப் பொறுமை வேண்டும். பெரிய இன்ஜின்காரன் பத்து இடத்தில் காலை எடுத்தாலும் பதினோராவது இடத்தில் பிடித்துவிடுவான். இந்தக் காருக்கு அந்தச் சலுகை இல்லை. இது நாச்சிமுத்துவுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும், அவன் காலுக்குத் தெரியாது.

பாதை முடிந்தது. பெனாசிர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அவன் தீர்ப்புக்குக் காத்திருந்தான்.

"மாஸ்டர், எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க" என்றார் அவர்.

*

"விளையாடறீங்களா மேடம்?"

"இல்லைங்க."

"ராலியில இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. லைசென்ஸ் இல்லாம உள்ளயே விடமாட்டாங்களே."

"லைசென்ஸ் இருக்கு. தவறாமப் புதுப்பிச்சுட்டு வர்றேன். எடுத்த நாள்லேர்ந்து ஓட்டினது இல்ல."

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். தமிழ்நாட்டில் அப்படி எத்தனை லைசென்ஸ் பீரோவில் தூங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். அதில் பாதியை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

"சரிங்க. நாளைக்கு ஸ்கூலோட இன்னொரு கார் எடுத்துட்டு வர்றேன். அதுல ரெண்டு பக்கமும் பெடல் இருக்கு."

"வேண்டாம். இந்தக் கார்லயே."

"இதுல என் பக்கம் பிரேக் இல்லீங்களே."

"உங்க பக்கம் வாய் இருக்கே."

*

முதல் நாள் பாடம் நாற்றுப் பண்ணைக்குள்ளேயே நடந்தது.

பெனாசிர் கிளச்சை விட்டார். கார் ஆடு துள்ளுவது போலத் துள்ளியது. நாச்சிமுத்துவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே ஒன்றுமில்லை. கார் போய்க்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க" என்றான்.

கார் நின்றது. அதற்குள் நாற்று வரிசையில் நாலைந்து சாய்ந்திருந்தன.

பெனாசிர் இறங்கிப்போய் நாற்றுகளை நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எப்பச் சொன்னீங்க?"

"உடனே சொன்னனுங்களே."

"பார்த்ததும் சொன்னீங்க. அதுக்கும் முன்னால மிதிச்சீங்க. சத்தம் கேட்டுச்சு."

அடுத்த நாளும் மிதித்தான். அதற்கு அடுத்த நாளும். தரை விரிப்பில் ஒரு குழி விழுந்தது. ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

மனைவி கவிதாமணி தைலம் தேய்த்துவிட்டாள். ஸ்கூலின் கணக்கு, பதிவு எல்லாம் அவள் பொறுப்பு. பேச்சும் அவள் பொறுப்புதான்.

"ஏனுங்க மாமா, கத்துக்கப் போனீங்களா, கத்துக்குடுக்கப் போனீங்களா?"

"எனக்கே தெரியல."

"அந்தம்மா நல்லா ஓட்டறாங்களா?"

"சொன்னா சொன்ன மாதிரி பண்றாங்க. அதாம் பயமா இருக்கு."

உண்மையிலேயே அதுதான் பயமாக இருந்தது. அவனிடம் கற்றவர்கள் யாரும் அவன் சொன்னதை அப்படியே செய்ததில்லை. அவன் 'இடது' என்றால் யோசிப்பார்கள். 'போங்க' என்றால் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். எப்படியும் மாஸ்டர் மிதித்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். பெனாசிர் யோசிக்கவில்லை. இடது என்றால் இடது. போங்க என்றால் போனார். எனவே, நாச்சிமுத்து வாயைத் திறப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருந்தது. தப்பாகச் சொன்னால் தப்பாகப் போவார்.

மெதுவாக, அவன் முன்கூட்டியே சொல்லத் தொடங்கினான். நாற்று வரிசை முடியும் முன்பே திருப்பம் சொன்னான். திருப்பம் முடியும் முன்பே கியர் சொன்னான். நாற்றுகள் பிழைத்தன.

ஒரு சாயங்காலம் வாய்க்கால் பாலத்துக்குப் போனார்கள். ஒட்டகத்தின் முதுகு மாதிரி நிமிர்ந்த பாலம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இந்தப் பக்கம் இருந்து தெரியாது. நாச்சிமுத்து தினமும் அதன் மேல் வருகிறவன். காலையில்கூட வந்தான். அந்தப் பக்கம் நேர்ச் சாலை. வாய்க்கால் வேலைக்காக அன்று ஒரு நாள் மதியத்துக்குமேல் இரண்டு முனையையும் அடைத்து, இவர்களை மட்டும் வாட்ச்மேன் உள்ளே விட்டிருந்தார்.

"நேராப் போங்க. அப்படியே" என்றான்.

பெனாசிர் அப்படியே போனார். வேகம் குறையவில்லை. கார் பாலத்தின் மேல் லேசாகி, அந்தப் பக்கம் இறங்கியது.

நாச்சிமுத்து வியர்த்துப்போயிருந்தான்.

"பயமா இல்லீங்களா மேடம்? அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலையே."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறமென்ன."

பிறகு அவன் மறுபடியும் கேட்டான்.

"இந்த வண்டி ஜெயிக்குமுங்களா?"

"நாளைக்கு ரிவர்ஸ் சொல்லிக்குடுங்க" என்றார் பெனாசிர்.

*

ரிவர்ஸ் கற்றுக்கொடுத்த அன்று அவன் பொறுமை இழந்தான்.

"ஞாயித்துக்கிழமை ராலிங்க. நான் வந்ததிலேர்ந்து ஒரு பாடமும் நடக்கல. நீங்க கார் ஓட்டக் கத்துக்கிட்டதுதான் மிச்சம்."

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது கத்துக்கிட்டோம்ல."

"மேடம்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"எனக்குப் பக்கத்துல உக்கார ஆளில்ல. போன தடவை வந்த மச்சான் இனி வரமாட்டேன்னுட்டான். நீங்களும் இல்லைன்னா நான் சனிக்கிழமையே பெடலைப் பொருத்திடறேன்."

பெனாசிர் பண்ணையின் தண்ணீர்க் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான் ஏன் வரமாட்டேங்கறாரு?"

நாச்சிமுத்துவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லவும் வரவில்லை.

"நான் சொல்றதைக் கேக்கறதே இல்ல, அப்புறம் நான் எதுக்குன்னு கேட்டானுங்க."

"நல்ல பையன்" என்றார் பெனாசிர். "நான் வர்றேன்."

*

ராலிக்கு முந்தைய நாள் பாதையைப் பார்க்க விட்டார்கள்.

கடைசிப் பாதைக்குப் பாறைக்காடு என்று பெயர். அதையே இரண்டு தடவை ஓட வேண்டும். நடுவில் ஒரு மேடு. மேட்டைத் தாண்டியதும் பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைகிறது. அதற்கு அப்பால் காற்றாலை வரைக்கும் நீளமான ஏற்றம்.

முன்னால் போன கார்க்காரர்கள் எல்லோரும் மேட்டில் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். மேட்டில் காலைத் தூக்கு, பாறையில் பிரேக் பிடி. அகலமான கார்கள். நிதானித்தால்தான் இரண்டு பாறைக்கு நடுவே நுழைய முடியும்.

நாச்சிமுத்து காரை நிறுத்திவிட்டு இறங்கினான். மேட்டின் மேல் நின்று பார்த்தான். கீழே இறங்கிப் பாறைகளுக்கு நடுவே நின்று இரண்டு கைகளையும் விரித்தான். திரும்பி வந்து காரின் பக்கத்தில் நின்று அதே மாதிரி விரித்தான். மறுபடி பாறைக்குப் போனான்.

காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தான். கெட்டி மண்.

பெனாசிர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"என்ன எழுதட்டும்?"

"நம்ம வண்டி அவங்க வேகத்துல வராது. அதனால மேட்டுல அவ்வளவு தூரம் பறக்காது. பாறைக்கு முன்னாலயே இறங்கிடும். ரெண்டு பக்கமும் தாராளமா இடம் இருக்குங்க."

"அது காரணம். என்ன எழுதட்டும்?"

"மேடு, முழுசா. பாறை நடுவுல, முழுசா. ஏத்தம்."

"நிச்சயமாவா?"

நாச்சிமுத்து இன்னொரு முறை திரும்பிப் பார்த்தான்.

"நிச்சயமாங்க."

பெனாசிர் எழுதிக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் பின்னால் புதிதாக ஒரு எல் போர்டு ஒட்டியிருந்தது. போன தடவையதைவிடப் பெரியது.

சற்றுத் தள்ளி சுதர்சனின் ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுதர்சன் மூன்று வருடமாகக் காற்றாலை ராலியை ஜெயிக்கிறவன். நூற்பாலைக்காரர் மகன். கார் பெரியது. மனசு அவ்வளவு மோசமில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மாஸ்டர், இன்னிக்கும் கிளாஸ் இருக்கா?" என்று கேட்டான்.

நாச்சிமுத்து போர்டைக் கிழிக்கப் போனான். பெனாசிர் அவன் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டும்ங்க. சாயங்காலம் வீட்டுக்கு நான்தான் ஓட்டறேன். எனக்கு வேணும்."

சுதர்சனின் ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

ராலி தொடங்கியது.

முதல் பாதையில் பெனாசிர் சொன்னதில் பாதியை அவன் கேட்டான். இரண்டாவது பாதையில் பாதிக்கும் மேல். தென்னந்தோப்புக்குள் போகிற குறுகலான பாதையில் பெரிய கார்கள் யானை சந்துக்குள் நுழைந்தது போலத் திணற, இந்தக் கார் அணில் மாதிரி ஓடியது. வெட்டவெளியில் பெரிய கார்கள் பிடுங்கிக்கொண்டு போயின. அதை ஒன்றும் செய்ய முடியாது. வேகமான கார்களில் இரண்டு, அச்சு முறிந்து வழியில் நின்றுவிட்டன. அதுவும் கணக்கில் சேர்த்திதான். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

பாறைக்காட்டை முதல் தடவை ஓடினார்கள்.

"மேடு, முழுசா" என்றார் பெனாசிர். இன்டர்காம் வழியாக ஹெல்மெட்டுக்குள் குரல் தெளிவாகக் கேட்டது.

மேடு எழுந்து வந்தது. வானம் வந்தது. நாச்சிமுத்துவின் கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

டர்போ தூங்கியது. கார் மேட்டில் ஏறி, ஒழுங்காக இறங்கி, பாறைகளுக்கு நடுவே கல்யாண ஊர்வலம் போல நுழைந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது.

பாதை முடிகிற வரைக்கும் பெனாசிர் படிக்க வேண்டியதைப் படித்தார். முடிந்த பிறகு கேட்டார்.

"பாறைக்கு நடுவுல எவ்வளவு இடம் இருந்துச்சு?"

"தாராளமா இருந்துச்சுங்க."

"நேத்து எவ்வளவு இருந்துச்சு?"

நாச்சிமுத்து ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"நீங்க முழுசான்னு சொன்னீங்க. ஆனா எனக்கு..." என்று தொடங்கினான்.

"நான் எப்பச் சொன்னேன்?" என்றார் பெனாசிர். "நான் படிச்சேன்."

*

கடைசி ஓட்டத்துக்கு முன்னால் பட்டியலை ஒட்டினார்கள். முதலில் சுதர்சன். இரண்டாவது நாச்சிமுத்து.

அவன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். இன்னொரு நாச்சிமுத்து இருக்கிறானோ என்று சந்தேகம் வந்தது.

இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்தான்.

கவிதாமணி வந்திருந்தாள். ஒரு தூக்கில் தயிர்சாதமும், இன்னொரு பையில் ஸ்பேனரும் இரண்டு பெடல்களும் கொண்டுவந்திருந்தாள். வாக்கு என்றால் வாக்கு அவளுக்கு.

"இதை ஏன் இங்க தூக்கிட்டு வந்தே?" என்றான் நாச்சிமுத்து.

"வீட்டுல வச்சா ஒளிச்சு வச்சுடுவீங்க."

பிறகு, பட்டியல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கனமா இருக்குதுங்க மாமா. திரும்பத் தூக்கிட்டுப் போக வைக்காதீங்க."

ஜெயிக்கச் சொல்கிறாளா, பெடலை இங்கேயே பொருத்தச் சொல்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் நேரமில்லை.

*

கொடி இறங்கியது.

கார் பாறைக்காட்டுக்குள் பாய்ந்தது.

"வலது, லேசு. இடது, இறுக்கம். ஐம்பது மீட்டர். வலது, முழுசா."

வலது முழுசாகவே போனான். கால் துடித்தது. ஆனால் எழவில்லை.

"இடது, முழுசா."

போனான்.

பள்ளம் வந்தது. பெனாசிர் சொன்ன இடத்தில் வந்தது. கல் வந்தது. சொன்ன பக்கம் வந்தது. தூசியில் சூரியன் மஞ்சளாகத் தெரிந்தது. அடுத்தது மேடு.

ஹெல்மெட்டுக்குள் 'கிளிக்' என்று ஒரு சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

நாச்சிமுத்து ஒரு கணம் காத்திருந்தான். குரல் வரவில்லை. இன்டர்காம் போய்விட்டது.

இன்டர்காம் போனால் கோ-டிரைவர் கையைக் காட்டுவார். எல்லா ராலிக்காரர்களுக்கும் தெரிந்த வழக்கம் அது. ஓரக்கண்ணால் பார்த்தான்.

பெனாசிர் கையைக் காட்டவில்லை. எழுதிய தாள்களை மூடி மடியில் வைத்திருந்தார். இரண்டு கைகளும் அவற்றின் மேல் இருந்தன. கால்கள் இரண்டும் இருக்கைக்குக் கீழே பின்னால் மடங்கியிருந்தன.

பெடல் இல்லாத இருக்கை. அதில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். அவன் கெண்டைக்காலுக்குத் தெரியும்.

அதில் ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

மேடு எழுந்து வந்தது. பாதை வானத்தில் முடிந்தது. அந்த அமைதியில் நாச்சிமுத்து ஒரு குரலைக் கேட்டான். மண்ணைக் காலால் கிளறிப் பார்த்த ஒருவன், இரண்டு பாறைக்கு நடுவே கைகளை விரித்து நின்ற ஒருவன், அவசரமே இல்லாமல் சொன்னான்.

"மேடு, முழுசா."

அவன் உதடுகள்தான் அசைந்தன.

வலது கால் அசையவில்லை.

கார் மேட்டில் ஏறியது. ஏறியதும் எடை போய்விட்டது. இன்ஜின் சத்தம் மட்டும் உச்சத்தில் நின்றது. நாலு சக்கரத்துக்கும் கீழே ஒன்றுமில்லை.

"பாறை நடுவுல, முழுசா" என்றான்.

கார் இறங்கியது. கெட்டி மண். பாறைக்கு முன்னாலேயே இறங்கியது. இடது பாறை ஒரு பக்கம் போயிற்று, வலது பாறை ஒரு பக்கம் போயிற்று. இரண்டு பக்கமும் கையை நீட்டலாம் போல இடம் இருந்தது.

டர்போ தூங்கவில்லை.

"ஏத்தம்" என்றான் நாச்சிமுத்து, சத்தமாகவே.

ஏற்றத்தில் அந்தச் சின்ன கார் பாடிக்கொண்டே ஏறியது. பாதையோரம் கயிற்றுக்குப் பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் தாண்டியது. ஏற்றத்தின் உச்சியில் மறுபடி 'கிளிக்' என்றது.

"இடது, லேசு. அப்புறம் கோடு" என்றது பெனாசிரின் குரல், நடுவில் எதுவுமே நடக்காதது போல.

*

பலகையில் நேரத்தை எழுதுகிறவர் ஒரு தடவை எழுதினார். பிறகு தாளைப் பார்த்தார். அழித்தார். மறுபடியும் அதையே எழுதினார்.

முதலில் சத்தம் போட்டது கவிதாமணி. ஸ்கூல் ஆபீசில் இருந்து தெருமுனை வரை கேட்கிற குரல் அவளுக்கு. அன்றைக்குக் காற்றாலை வரை கேட்டது.

பாறைக்காட்டில் அன்று யாரும் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கவில்லை. பெரிய கார்களும் சேர்த்து. மொத்தக் கணக்கிலும் சுதர்சன் இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டான்.

சுதர்சன் வந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். மூன்று சிலிண்டர்தான் இருந்தது. மூடினான்.

"மாஸ்டர், மேட்டுல நீங்க காலை எடுக்கலையாமே. கொடி பிடிச்சவன் சொல்றான்."

"இல்லீங்க."

"எப்படி?"

நாச்சிமுத்து யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"நான்தானுங்களே சொன்னேன்" என்றான்.

சுதர்சனுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. ஆனாலும் கையைக் கொடுத்தான். போகும்போது எல் போர்டை எடுக்கக் குனிந்தான்.

"அதைத் தொடாதீங்க. என்னோடது" என்றார் பெனாசிர்.

*

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்து இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். பெனாசிர் ஓட்டினார். பின்னால் எல் போர்டு. அதற்கும் பின்னால் ஸ்கூலின் இன்னொரு காரில் கவிதாமணி வந்துகொண்டிருந்தாள். வழியில் பழைய இரும்புக்கடை தென்பட்டால், பெடல் பையைப் போட்டுவிட நிறுத்தச் சொல்லி ஹாரன் அடிப்பதாகச் சொல்லியிருந்தாள்.

சாலை அமைதியாக இருந்தது. பெனாசிர் மூன்றாவது கியரில் இருந்து நாலாவதுக்குப் போனார். நாச்சிமுத்து சொல்லவில்லை. அவராகவே போனார்.

"மேடம்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"இன்டர்காம் ஒயரை மாத்தோணுங்க. நல்லவேளை, கொஞ்ச நேரத்துல தானாச் சரியாயிருச்சு. அந்த மேட்டுல போய்ப் பழுதாச்சு பாருங்க."

"ஒயர் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

பெனாசிர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான் கழட்டினேன்."

நாச்சிமுத்துவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அவன் விரிப்பில் விழுந்திருந்த குழியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வலது செருப்பைக் கழற்றினான். இடது செருப்பையும் கழற்றினான். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டான்.

முன்னால் வாய்க்கால் பாலம் வந்தது.